ஒரே கட்டத்தில் இரண்டு நிறம்

அருப்புக்கோட்டைச் சேலை மொத்தக்கடை ஒன்றில் வேனுக்கு லோடு ஏற்றிவிடும் வேலை ஜாபேஸுக்கு. எந்த ஊருக்கு எந்தக் கட்டு என்று முதலாளி ராமசுப்பு அண்ணாச்சி முன்பெல்லாம் போனிலேயே சொல்லிவிடுவார். இந்த மாதம் எக்செல் கற்றுக்கொண்டார். ஊருக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒவ்வொரு சேலைக்கட்டுக்கும் ஓர் அடையாள எழுத்து. சிவப்பு எழுத்து இன்றைக்கு, பச்சை நாளைக்கு. "ஒரு கட்டத்துக்குள்ளயே ரெண்டு கலரு, பாத்தியா!" என்று ஒரே பெருமை.

போன வாரம் மறுநாள் போக வேண்டிய கட்டெல்லாம் அன்றே வீரசோழன் ஊரில் போய் இறங்கின. "இன்னொரு தடவ இப்படி ஆச்சு, வேற வேலை பாத்துக்கப்பா" என்றுவிட்டார் அண்ணாச்சி.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வந்த ஜாபேஸ், மனைவி ஜாய்ஸின் லேப்டாப்பில் அந்த ஷீட்டை முறைத்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, சோறு ஆறுது."

"காரியாபட்டிக்கு இன்னைக்கு எது போகுது? சொல்லு."

"க, ச. அதான் செவப்பா இருக்குல்ல?"

"எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது." அவன் தலை நிமிரவில்லை.

ஜாய்ஸுக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப நம்ம கல்யாணத்தன்னைக்குச் சாயங்காலம் நான் கட்டுன சேலை என்ன கலரு?"

"கலரு தெரியாது. முந்தியில மயிலு வரிசை. எடது ஓரத்து மயிலுக்கு மட்டும் கொண்டை இல்ல."

அவள் பீரோவைத் திறந்து சேலையை விரித்தாள். குடும்பமே கையில் வாங்கிப் பார்த்த சேலை; ஒருத்தரும் இதைக் கவனித்ததில்லை. ஓரத்து மயில் மொட்டைத் தலையோடு நின்றது. மேடையில் பக்கத்தில் நின்றுகொண்டு இவர் இதையா பார்த்தார்? அவள் அந்தத் தலையை விரலால் தொட்டாள்.

சேலையைத் தோளில் போட்டபடியே வந்து கட்டத்துக்குள் இரண்டு தட்டு தட்டினாள். 'க'வை மட்டும் பிடித்துத் தடிமனாக்கி அடிக்கோடிட்டாள். பக்கத்து எழுத்து அசையவில்லை.

"ஏ... அது மட்டும் எந்திரிச்சு நிக்குது!"

அடுத்து 'ச' எழுந்தது. பிறகு மல்லாங்கிணற்றுக் கட்டம். மழைக்கு மறுநாள் கரிசலில் முளை கிளம்புவதைப் பார்ப்பவனைப் போல அவன் வாய் திறந்து பார்த்தான். ஒவ்வொன்றாக வாசித்தான். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"இன்னைக்கு நான் போட்டேன். தெனமும் யாரு போடுவா?" என்றாள் ஜாய்ஸ்.

ஜாபேஸ் போனை எடுத்தான். "அண்ணாச்சி, செவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியும். அதான் போன வாரம்... இன்னைக்குப் போறதுக்கு மட்டும் அடியில கோடு போட்டுருங்க. ஜாய்ஸ் போட்டுக் காட்டுனா, நல்லாத் தெரியுது."

ஜாய்ஸ் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னய்யா? சரி, ஒரே ஒரு எழுத்துக்கு மட்டும் கோடு எப்படிப் போடுறது? தங்கச்சிட்ட போனக் குடு."