பூப்போட்ட திரை

காலையிலிருந்து மூன்றாவது முறையாகத் தையல் மெஷினைத் துடைத்தாள் பெரியவள். ஜன்னலுக்குப் பூப்போட்ட புதுத் திரை தைத்து மாட்டியாகிவிட்டது. கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. வெளிநாட்டுப் பத்திரிகைக்காகப் படம் எடுக்க ஒரு புகைப்படக்காரி வருகிறாள், இந்தத் தெருவில் அவள் ஏறப்போகும் முதல் வீடு இதுதான் என்றால் சும்மாவா?

வந்தவள் வாசலிலேயே நின்று நாலு பக்கமும் பார்த்தாள். கூட வந்த மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ முணுமுணுத்தாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"வீடு ரொம்ப நல்லா இருக்காம், மேடம்."

"சந்தோஷம். நான் எங்க உட்காரட்டும்?"

"இல்ல... நல்லா இருக்கறதுதான் பிரச்சினை. அவங்க ஊர்ல நம்ம நாடுன்னாலே குண்டு, இடிஞ்ச சுவர்தான். இந்தப் படத்தைப் போட்டா யாரும் நம்ப மாட்டாங்களாம்."

குண்டுச் சத்தம் ஓய்ந்து எட்டு வருஷமாகிறது. இப்போது இந்தத் தெருவில் நடக்கும் பெரிய சண்டையே குப்பை வண்டி யார் வாசலில் நிற்பது என்பதுதான். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் இருவரும் படியிறங்கிவிட்டார்கள்.

கீழ்வீட்டில் பெரியவளின் கொழுந்தனும் அவன் மனைவி சின்னவளும். போன வாரம் எலியைத் துரத்துகிறேன் என்று கொழுந்தன் வீசிய செருப்பு, எலியை விட்டுவிட்டு ஜன்னல் கண்ணாடியைப் பதம் பார்த்திருந்தது. அந்த ஓட்டையைக் கண்டதும் புகைப்படக்காரியின் முகத்தில் பல்பு எரிந்தது. சின்னவளை அதன் பின்னால் நிற்கவைத்து ஒரு மணி நேரம் எடுத்தாள். மாடிக் கைப்பிடியில் காய்ந்த துணியையே திரும்பத் திரும்ப மடித்தபடி பெரியவள் எல்லாவற்றையும் பார்த்தாள்.

சாயங்காலம் சின்னவள் மூச்சிரைக்க ஏறி வந்தாள். "அக்கா, சிரிக்காதீங்க, சிரிக்காதீங்கன்னு சொல்லிச் சொல்லியே என்னைச் சிரிக்க வெச்சுட்டாங்க! நாளைக்கு மறுபடி வர்றாங்களாம். இன்னொரு வீடும் வேணுமாம்."

"உனக்கென்னடி, ராசிக்காரி" என்றாள் பெரியவள். வயிறு எரிந்தது.

எப்போதும் இப்படித்தான். மாமியார் வாய் நிறையக் கூப்பிடுவது சின்னவளை. காய்காரர் கொசுறாகக் கொடுக்கும் கொத்தமல்லி விழுவது சின்னவள் பையில். பன்னிரண்டு வருஷமாகத் துடைத்துத் துடைத்து வைத்த வீட்டை விட்டுவிட்டு, எலிக்குக் குறி வைத்த செருப்புக்கு வந்த வாழ்வைப் பார்!

மறுநாள் காலை கணவன் வேலைக்குப் போனதும், தையல் மேஜையிலிருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். திரையை ஒதுக்கினாள். கத்தரிக்கோலின் கைப்பிடியால் ஒரே இடி. கண்ணாடி கலகலவென்று கொட்டியது.

சத்தம் கேட்டு விளக்குமாறும் கையுமாகச் சின்னவள் ஓடி வந்தாள். "ஐயோ! என்னக்கா ஆச்சு?"

"காத்து."

இருவர் கண்களும் திரைக்குப் போயின. அது ஓரம்கூட ஆடாமல் தொங்கியது. சின்னவள் குனிந்து பெருக்க ஆரம்பித்தாள்.

படியில் காலடிச் சத்தம். மொழிபெயர்ப்பாளர் உற்சாகமாகப் பேசிக்கொண்டே வந்தார். "மேடம், நேத்து படத்தை அனுப்பினதும் பத்திரிகையிலேர்ந்து திட்டாம். எத்தனை தடவைதான் உடைஞ்ச ஜன்னலையே அனுப்புவீங்க, சாதாரணமா ஒரு வீடு கிடையாதான்னு. அதான் நேரா உங்க..."

ஜன்னலைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

புகைப்படக்காரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். படபடவென்று ஏதோ கேட்டாள்.

"என்ன வந்து விழுந்துச்சுன்னு கேக்கறாங்க" என்றார் அவர் மெல்லிய குரலில்.

பெரியவள் மேஜைப் பக்கம் திரும்பினாள். கத்தரிக்கோல் மேஜை மேல் கிடந்தது. அதன் கைப்பிடியில் கண்ணாடித் துகள் மினுமினுத்தது. பெருக்கிக்கொண்டிருந்த சின்னவள் யாரையும் பார்க்காமல், பாதி தைத்த துணியொன்றை அதன் மேல் இழுத்து மூடினாள்.

இந்த நல்ல மனசுகூட இவளுக்குத்தானா வாய்க்க வேண்டும்?

"சொல்லுங்க மேடம், என்ன விழுந்துச்சு?"

புகைப்படக்காரி கேமராவை மெல்லக் கண்ணுக்கு உயர்த்தினாள். உடைந்த ஜன்னல் வழியாக இப்போது நிஜமாகவே காற்று வந்தது. பூப்போட்ட திரை உப்பி எழுந்து, பெரியவளின் முகத்தை மூடியது.