நான்கு துளைகள்

"தொட்டியில இருக்கிற மீனுக்கும் மூச்சு முட்டுமா, பப்பா?" என்று என் மகள் நியூமா ஒருமுறை கேட்டாள்.

"தண்ணி ஓடிக்கிட்டே இருந்தா முட்டாதும்மா" என்றேன்.

விடியும் முன்பே பவளப்பாறை ஓரம் வலை இறக்கி, கண்ணாடிச் சில்லுபோன்ற பொடிமீன்களை உயிரோடு தோணியின் நடுத்தொட்டியில் விடுவோம். அவற்றைக் கடலில் இரையாக வீசி, அவை துள்ளினால்தான் சூரை மீன் மேலே வரும். தொட்டியின் அடியில் நான்கு துளைகள். தோணி ஓட ஓடக் கடல் அவற்றின் வழியே ஏறி, விளிம்பு தாண்டிப் பக்கத்து அறையில் வழியும். அதை வாளியால் அள்ளி வெளியே கொட்டிக்கொண்டே இருக்கவேண்டும். கை நின்றால் தோணி நிறையும்.

முன்பு நான்கு பேர் இறைத்தோம். தலைநகர் மாலேயிலிருந்து மோட்டார் வந்ததும் முதலாளி ஹுசேன் தீதீ இரண்டு பேரை நிறுத்திவிட்டார். வேகம் கூடியது, தண்ணீரும் கூடியது. இறைக்க மிஞ்சியது வயதில் மூத்த ஆதமு காக்காவும் நானும்.

அன்று காலை என் தோள் கழன்றுவிடும்போல இருந்தது. காக்கா கண்ணயர்ந்திருந்தார். நார் சுற்றிய கட்டைகளால் இரண்டு துளைகளை அடைத்தேன். வலி குறைந்தது. பிறகு அவர் எழுந்து வாளியை வாங்கிக்கொண்டார். நான் திறக்க மறந்துவிட்டேன். மறந்ததாகத்தான் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

சூரைக் கூட்டத்தை எட்டியபோது தொட்டியில் வெள்ளை வயிறுகள் மிதந்தன. எல்லோர் கண்முன்னும் காக்கா கட்டைகளைப் பிடுங்கி எறிந்து, உள்ளங்கை கிழிய இறைத்தார். பாதி மீன் பிழைத்தது. அதற்குள் சூரை போய்விட்டது. அவர் என்னை ஒரே ஒருமுறை பார்த்தார்.

கரையில் முதலாளி காத்திருந்தார். "வாளி யார் கையில இருந்துச்சு? ஆதமுவா? அவன் இனி தோணியில ஏறக்கூடாது. மிச்ச இரையோட மத்தவங்க மத்தியானம் கெளம்புங்க."

நான் மற்றவர்களுக்குப் பின்னால் ஒதுங்கினேன். தூண்டில்காரன் ஸகரிய்யா முன்னே வந்தான். "தொளைய அடைச்சது நான்தான், முதலாளி."

"உனக்குத் தொளை எங்க இருக்குன்னே தெரியாதேடா!"

"தடவிப் பார்த்து அடைச்சேன்."

சிரிப்பு எழுந்தது. மோட்டார்காரனும் "நான்தான்" என்றான். அதன்பின் ஒவ்வொருவராக. கடைசியில் எனக்கும் குரல் வந்தது: "அல்லா அறிய, நான்தான் அடைச்சேன்!"

ஸகரிய்யா என் முதுகில் தட்டினான். "உன்ன மாதிரி எங்களுக்கு அழுதுகிட்டே சொல்ல வரலையே!"

யாரும் நம்பவில்லை.

"நாலு பேர் வேலைய ரெண்டு பேர் தலையில கட்டினது யாரு?" என்று முதலாளியிடம் திரும்பினான் ஸகரிய்யா. "நிறுத்தின ரெண்டு பேரும் வரட்டும். காக்காவும் ஏறட்டும். அப்பத்தான் தோணி நகரும்."

"கெடக்கட்டும். உங்க வயிறு எத்தனை நாள் தாங்குதுன்னு பார்க்கிறேன்."

"தாங்கித்தானே பழக்கம், முதலாளி."

அவர் போய்விட்டார். நாங்கள் கலையவில்லை. எங்கள் சண்டைக்கு அந்தச் சிற்றுயிர்கள் சாகவேண்டாம், நங்கூரமிட்ட தோணியிலும் முறைவைத்து இறைப்போம் என்று முடிவெடுத்தோம். "முதல் முறை எனக்கு" என்றார் காக்கா.

நான் மதிய லுஹர் தொழுகை முடித்து வந்தபோது, ஈரப்பலா மர நிழலில் அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். கந்தல் சுற்றிய கைகள் வானம் பார்த்துக் கிடந்தன. மற்றவர்கள் இன்னும் பள்ளிவாசலில்தான் இருந்தார்கள்.

அவர் பக்கத்தில் இருந்த வாளியை எடுத்துக்கொண்டு தோணிக்கு நடந்தேன். தொழுகை நேரத்துக்கு மட்டும் அடைத்திருந்த நான்கு துளைகளையும் திறந்தேன். தோள் எரிந்தது, இறைத்தேன். பொடிமீன்கள் நீரோட்டத்துக்கு முகம் திருப்பி வரிசையாக நின்றன.

அவருடைய முறை முழுவதையும் இறைத்து முடித்து, அடுத்தவன் வருமுன் கரையேறினேன். ஈர வாளியை அவர் தலைமாட்டில் ஓசையில்லாமல் வைத்துவிட்டு நடந்தேன்.