விடுபடாமல் நிரப்பவும்

மாப்பிளையின் தாய் பத்மாவதி தேத்தண்ணியைத் தொடவில்லை. கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்துப் பலகாரத் தட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதை ஒருக்கா வாசியுங்கோ. மகன் லண்டனிலயிருந்து இமெயிலில லிங்க் அனுப்பினவன். வாற வழியில பிரிண்ட் எடுத்தனான்."

நவரத்தினம் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அவர் தேடி முடிக்குமுன்பே மகள் சிவமணிக்கு விளங்கிவிட்டது. தாளில் அவளுடைய பெயர் இருந்தது. பெயர் மட்டுமா? தகப்பன் பெயர், யாழ்ப்பாணத்து ஊர், வெள்ளவத்தை ஒழுங்கை, மாடி இலக்கம், வயது எல்லாம் வரிசையாக இருந்தன. கீழே அவள் ஆங்கிலத்தில் எழுதிய கேள்வி: பதினாறு வயதிலிருந்து எனக்கு வலிப்பு. வீட்டில் குளிசையை நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தலாமா? நான் கல்யாணம் செய்யலாமா?

இரண்டு வருடத்துக்கு முன் காலி வீதி இன்டர்நெட் கடையிலிருந்து, டொக்டர்மார் பதில் சொல்லும் ஒரு இணையத்தளத்தில் கேட்டது. பெண் பார்க்க வருபவர்கள் குளிசைப் பெட்டியைக் கண்டுவிடுவார்கள் என்று தாய்க்குப் பயம். கிளினிக்கிலோ அவள் வாய் திறப்பதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிடுவார்கள். முகம் தெரியாத ஒரு டொக்டர் மறுநாளே பதில் போட்டிருந்தார்: திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கல்யாணமும் செய்யலாம், பிள்ளையும் பெறலாம். அதற்கு முன் உங்கள் டொக்டரோடு மருந்தைப் பற்றிக் கதையுங்கள். அதை வாசித்து அவள் கடையிலேயே அழுதாள். அன்றிலிருந்து ஒரு வேளைக் குளிசைகூடத் தவறவில்லை. வலிப்பும் எட்டிப் பார்க்கவில்லை.

பிழை ஒன்றுதான். திரையில் பெட்டிகள் வந்ததும் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டாள். கொழும்பில் குடியிருக்கும் தமிழருக்குப் படிவம் என்றால் பொலிஸ் பதிவுதான். ஒரு பெட்டியை வெறுமையாக விட்டால் ஸ்டேசன் வாங்கில் குந்தியிருக்க வேண்டியதுதான். பொய்ப் பெயர் போட அவளுக்குக் கை வருமா?

"மறைச்சுப் போட்டியள்," என்றார் பத்மாவதி. "வருத்தக்காரப் பொம்பிளையை எங்கட தலையில கட்டப் பாத்தியள்."

சிவமணியின் தாய் அவள் பக்கம் திரும்பினார். "உன்னை ஆர் இதெல்லாம் எழுதச் சொன்னது?"

சிவமணிக்குக் கோபம்கூட வரவில்லை. களைப்பாக இருந்தது. இது நாலாவது மாப்பிளைப் பகுதி. மாப்பிளைக்கு வருத்தம், நோய் என்றால் கொஞ்சம் பலவீனம் என்பார்கள். பொம்பிளைக்கு என்றால் வம்சத்துக்கே பழுது. என்ன நியாயமோ!

திருப்பிக் கொடுப்பதற்காகத் தாளை எடுத்தவள் அடிவரியைப் பார்த்தாள். ரியூசன் வகுப்புக்காக எத்தனையோ தாள் பிரிண்ட் எடுத்தவள் அவள். பக்கத்தின் முகவரி சின்ன எழுத்தில் அடியில் விழும். அந்தத் தளத்தில் தேடிய சொற்களும் கூடவே விழும். அங்கே அவளுடைய பெயர் இல்லை. வலிப்பு, ஆண், குளிசையை நிறுத்துதல், கல்யாணம் என்று ஆங்கிலத்தில் இருந்தது.

தேடியவரும் தன்னைப் பற்றி ஒன்றும் விடாமல் நிரப்பியிருந்தார்.

"மாமி, இதைத் தேடி எடுத்தது உங்கட மகனே?"

"ஓம். வேற ஆர்?"

வகுப்பில் பிள்ளைகளின் பிழைகளைத் திருத்தும் சிவப்புப் பேனையை எடுத்தாள். அடிவரியின் கீழ் நேராக ஒரு கோடு இழுத்துத் தாளைப் பத்மாவதியின் கையில் கொடுத்தாள். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். வாசித்தார். பிறகு ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

"அவருக்குச் சொல்லுங்கோ மாமி," என்றாள் சிவமணி. "குளிசையை நிப்பாட்ட வேண்டாமெண்டு. டொக்டர் அதை எனக்கு மட்டும் சொல்லேல்லை."

பத்மாவதி தாளைத் திரும்ப நாலாக மடித்தார். வந்தபோது தட்டத்தின் அருகே பகிரங்கமாக வைத்ததை, இப்போது கைப்பையின் அடியில், சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு வைத்தார்.