பெயர் கேட்ட கட்டம்

"அண்ணன் தன் பேரையே மறந்துட்டா, நம்ம எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?"

எட்டு வயதில் பூமிநாதன் அம்மாவிடம் இப்படிக் கேட்டான். மனம் பேதலித்த அண்ணன் தங்கசாமி மாரியூரை விட்டுக் காணாமல் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. பிறகு ஒரு நாள், 'போஸ்ட்மாஸ்டர், மாரியூர்' என்று மட்டும் முகவரியிட்ட அஞ்சலட்டை ஒன்று வந்தது.

"ஏர்வாடியில் ஒரு பையன் இருக்கிறான். பேர் சொல்லத் தெரியவில்லை. இடது காதுக்குக் கீழே தீக்காயத் தழும்பு. மாரியூர் என்றால் அழுகிறான். நன்றாகச் சாப்பிடுகிறான், கவலை வேண்டாம்."

எழுதியவர் கையெழுத்துப் போடவில்லை. அண்ணனை அழைத்துவரப் போனபோது விசாரித்தும் எழுதியவர் யாரென்று தெரியவில்லை. அம்மா சாகும்வரை விளக்கேற்றும்போதெல்லாம் அதை எழுதிய கைக்காகவும் கும்பிட்டாள்.

இப்போது 2008. பூமிநாதன் ராமநாதபுரத்தில் வெப்சைட் செய்து கொடுப்பவர். ஏர்வாடியில் குல்சும் நடத்தும் காப்பகத்தில், ஊர் பேர் தெரியாத பதினோரு பேர் இருந்தார்கள். அவர்களை வீட்டார் தேடிக் கண்டுபிடிக்க ஒரு வெப்சைட் வேண்டும். அதை எந்த மென்பொருளில் அமைப்பது என்றுதான் அன்று காப்பகத்தில் பேச்சு. குல்சுமின் அண்ணன் அப்துல் அஜீஸ் துபாயிலிருந்து வரும்போதே ஒன்றைத் தேர்ந்தெடுத்து வந்திருந்தார்.

"ஆஸ்பத்திரிக்குன்னே செஞ்சது தம்பி. பேரு, தகப்பன் பேரு, ஊரு, எல்லாத்துக்கும் கட்டம் இருக்கு. நீங்க காட்டுற வேர்ட்பிரஸ் வெறும் வெள்ளைக் காகிதம் மாதிரில்ல கிடக்கு."

"அழகு இருக்கட்டும் காக்கா. ஒரு ஆளை இதுல ஏத்திப் பாப்போம்" என்று அண்ணனிடம் சொன்னார் குல்சும். பதினோரு பேரில் ஒருவரான, பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மூதாட்டியைப் படம் எடுத்து, பெயர்க் கட்டத்தில் 'உம்மு ஹபீபா' என்று தட்டினார்.

மூதாட்டியின் முன்கையில் பச்சை குத்திய தேளைப் பூமிநாதன் பார்த்தார். முஸ்லிம் வீடுகளில் பச்சை குத்தும் வழக்கம் இல்லை.

"அக்கா, இவங்க பேரு இதுதானா?"

"எங்களைப் பெத்த உம்மா பேரு தம்பி. வந்தன்னிக்கு வாயே திறக்கல. 'ஏ பொம்பள'ன்னா கூப்பிட முடியும்? இந்தப் பேரைச் சொன்னா திரும்பிப் பாத்துச் சிரிக்கிறாங்க. இங்கன உள்ள பதினோரு பேருக்கும் நான் வச்ச பேருதான்."

"கூப்பிட நல்ல பேருக்கா. ஆனா இவங்க மகன் இந்தப் பக்கத்தைத் திறந்தா, உம்மு ஹபீபான்னு பாத்ததுமே தாண்டிப் போயிருவானே."

குல்சும் விசைப்பலகையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார். பிள்ளைக்கு வைப்பதுபோல் ஆசையாக வைத்த பெயர்கள் அவை.

"அதுக்கென்ன, பேரை அழிச்சிருவோம்" என்று அஜீஸ் பெயரை நீக்கிச் சேமிக்கப் பார்த்தார். பெயர் கட்டாயம் என்று சிவப்பில் எழுத்து வந்தது. "சரி, 'தெரியாது'ன்னு போடு."

"தகப்பன் பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. ஆக, பதினோரு தெரியாதா காக்கா? தெரிஞ்சதை எழுத எங்கன இடம்? கீரை ஆயும்போது 'முத்தழகு, முத்தழகு'ன்னு கூப்பிடுவாங்களே, அதுக்கு ஒரு கட்டம் காட்டுங்க."

அஜீஸ் திரையை மேலும் கீழும் தள்ளினார். அப்படிக் கட்டம் எதுவும் இல்லை. மெல்லச் சிரித்துக்கொண்டார்.

"துபாய்லருந்து தூக்கிட்டு வந்தேன் பாரு! தம்பி, உங்க வெள்ளைக் காகிதமே போதும். இவளே தட்டிக்கிடுவா, நாளைக்கு யாரும் வீடு திரும்பினா இவளே அவங்க படத்தையும் அதுலருந்து எடுத்துருவா."

மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அஜீஸ் பள்ளிவாசலுக்குப் போனார். குல்சும் மூதாட்டியைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்துவிட்டுத் தொழ நின்றார்.

தனியே இருந்த பூமிநாதன் முதல் பக்கத்தைத் தட்டத் தொடங்கினார். தலைப்பை வெறுமையாக விட்டார்.

"ஏர்வாடியில் ஒரு அம்மா இருக்கிறார். பேர் சொல்லத் தெரியவில்லை. வலது முன்கையில் பச்சை குத்திய தேள். கீரை ஆயும்போது முத்தழகு என்று யாரையோ கூப்பிடுகிறார். நன்றாகச் சாப்பிடுகிறார், கவலை வேண்டாம்."

கீழே காப்பகத்தின் தொலைபேசி எண்ணைச் சேர்த்தார். அதற்கும் அடியில், தான் செய்யும் எல்லா வெப்சைட்டிலும் வருவதுபோல, 'உருவாக்கம்: பூமிநாதன், ராமநாதபுரம்' என்று இருந்தது. அந்த வரியை அழித்துவிட்டுப் பக்கத்தை வெளியிட்டார்.