நாகலெட்சுமியின் மடியில் இரண்டு போத்தல்கள்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல, பஸ்ஸில் கிடைத்தது. 1986இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இலங்கை மலையகத்தின் நோட்டன் பிரிட்ஜில் ஏறிய ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மடியில் இரண்டு ஜாம் போத்தல்கள். ஒன்றில் தண்ணீர் தெளிவாக இருந்தது, அடியில் வாடிய பாசி கொஞ்சம். மற்றதில் பச்சைப் பசேலென்று பாசி.

"இது எதுக்குங்க?"

"கடல் தொட்டியில பாசி புடிச்சிருச்சுங்க. டிக்கோயாவுல ஐயாகிட்ட காட்டப் போறேன்."

இந்த மலையில் ஏது கடல் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்குத் தண்டனையாக இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். (இனி வருவதில் முக்கால்வாசி என் கற்பனை.)

2

முதல் தொடக்கம்: "மூடுபனி தேயிலை மலைகளைத் தழுவிக்கொண்டிருந்த அந்த—"

வேண்டாம். மலையகக் கதை என்றாலே பனியைக் கூப்பிட்டுவிடுகிறோம். அதற்கும் அலுத்துப் போயிருக்கும்.

இரண்டாவது: "மத்தியாஸ் ஒரு டீமேக்கர்." இது பரவாயில்லை. ஃபெக்டரியில் கொழுந்து தேயிலைத் தூளாகும்வரை பொறுப்பு அவருடையது. இலை பதமாகிவிட்டதா என்பதை மூக்காலேயே சொல்லிவிடுவார். அவர் மனைவி ஊர் நீர்கொழும்பு. அங்கே பார்த்த கடல் மேல் மத்தியாஸ் ஆசைப்பட்டு, தோட்டத்து வீட்டின் முன்னறையில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி வைத்தார். உள்ளே பவளக்கல், இரண்டு கோமாளி மீன், பூப்போல விரியும் ஒரு கடலுயிர். கொழும்புக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிப்போகும் லொறி, திரும்பும்போது கேன்களில் கடல் தண்ணீர் கொண்டுவரும். (நம்ப முடியவில்லையா? இந்த மலை இலை கடல் தாண்டி லண்டனுக்குப் போனதை மட்டும் நம்புகிறீர்களே.)

3

பஸ்ஸில் பார்த்தவருக்கு நாகலெட்சுமி என்று பெயர் வைக்கிறேன். கொழுந்தெடுத்தவர். ஏழாம் நம்பர் மலையில் மழைநீர் ஓடும் கான் ஓரம், பாசி பிடித்த கல்லில் சறுக்கி விழுந்து கால் முறிந்தது. எலும்பு கூடியது, ஆனால் சரிவு ஏற முடியாது. அதனால் டீமேக்கர் வீட்டில் வேலை கொடுத்தார்கள். கூட்டுவது, துடைப்பது, தொட்டிக்குத் தண்ணீர் விடுவது.

கடல் தண்ணீர் வற்றினாலும் உப்பு வற்றாது. ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் விடவேண்டும். மலை ஊற்றிலிருந்து பீலிக் குழாய் வழியே விழும் தண்ணீரைத்தான் விட்டார்கள். அதைவிடச் சுத்தம் உலகத்திலேயே இல்லை என்பது மத்தியாசின் கட்சி.

ஒரு மாதம் திடீரென்று பாசி வந்தது. தலைமயிர் போல நீளமாகப் பவளக்கல்லை மூடியது. பூ விரியவில்லை. மத்தியாஸ் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார், விளக்கை அணைத்து வைத்தார், மீனுக்குத் தீனியைக் குறைத்தார். பாசி மறுபடியும் வந்தது.

"சோப்புக் கையோட தொட்டியத் தொட்டியா?"

"இல்லீங்கையா."

"பின்ன தானா வருதா? ரெண்டு கெழம லீவுல தங்கச்சி வீட்டுக்கு டிக்கோயா போறேன். லீவு முடியிற திங்கக்கிழம நீ பெரட்டுல நிக்கணும். கண்டாக்கு ஐயாகிட்ட சொல்லியாச்சு."

பெரட்டு என்பது காலையில் கண்டாக்கு, அதாவது மலை வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர், ஆள் பிரித்து மலைக்கு அனுப்புமிடம். மலை ஏறாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும் இல்லை.

4

இந்த இடத்தில் நான் ஒரு கேவலமான காரியம் செய்தேன். றோலண்ட் மாஸ்டர் என்ற பள்ளிக்கூட வாத்தியாரைக் கொண்டுவந்து, பாசி ஏன் வருகிறது என்று அவர் வாயால் சொல்ல வைத்தேன். நானும் வாத்தியார்தான். கொழுந்தெடுத்தவர் தானாகவே யோசிப்பார் என்று என் பேனா நம்பவில்லை. வெட்கமாக இருக்கிறது. மாஸ்டரைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள், நாகலெட்சுமிக்கு எதற்கு மாஸ்டர்? உரம் போட்டு மழை பெய்தால் கான் கல்லெல்லாம் பச்சையாவதைப் பதினைந்து வருடம் பார்த்தவர். கால் முறிந்ததும் அந்தப் பச்சையில்தான். பீலித் தண்ணீர் வருவதோ ஏழாம் நம்பர் மலையின் அடியிலிருந்து. அங்கே உரம் போட்ட மாதம்தான் தொட்டியில் பாசி வந்தது. ஃபெக்டரியை விட்டு மலைப்பக்கம் போகாத மத்தியாசுக்கு இது எப்படித் தெரியும்?

நாகலெட்சுமி இரண்டு ஜாம் போத்தல் எடுத்தார். இரண்டிலும் பாதிக்குக் கடல் தண்ணீர், ஒரு கிள்ளு பாசி. ஒன்றின் மீதியில் பீலித் தண்ணீர். மற்றதில், தகரக் கூரையில் படாமல் முற்றத்துப் பேசினில் நேராகப் பிடித்த மழைத் தண்ணீர். இரண்டையும் ஒரே ஜன்னலில் வைத்தார். தொட்டிக்கும் மழைத் தண்ணீரே விட்டார். கல்லில் இருந்த பாசியைக் கொழுந்து கிள்ளுவது போல இரண்டு விரலால் கிள்ளியெடுத்தார். மத்தியாஸ் லீவில் போன இரண்டாவது வாரச் சனிக்கிழமை பூ பாதி விரிந்தது.

(எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. கதாசிரியன் இப்படி ஒரு பக்கம் சாயக்கூடாது என்பார்கள். சாய்கிறேன்.)

5

இது கற்பனையல்ல. ஹட்டனுக்கு முன் ஒரு வளைவில் பஸ் சடாரென்று பிரேக் போட்டது. போத்தல்கள் மடியிலிருந்து நழுவின. நானாக இருந்தால் தெளிந்ததைப் பிடித்திருப்பேன். அவர் பச்சையைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தெளிந்ததை நான்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.

"அதுவும் வேணுங்க. ஆனா இதுதான் எனக்காகப் பேசும்," என்றார்.

6

முடிவு ஒன்று: மத்தியாஸ் கண்கலங்கி மன்னிப்புக் கேட்டு— இல்லை. எந்தத் தோட்டத்தில் எந்த உத்தியோகத்தர் கேட்டிருக்கிறார்?

முடிவு இரண்டு: அவர் கதவையே திறக்க— எழுதக் கை வரவில்லை.

ஆகவே டிக்கோயாவில் தங்கச்சி வீட்டுக் கதவு திறக்கிறது. இடுப்பில் கட்டிய சாரத்தோடு மத்தியாஸ் நிற்கிறார். நாகலெட்சுமி இரண்டு போத்தலையும் நீட்டுகிறார்.

"ஐயா, தெளிஞ்சது மழைத் தண்ணி, பச்சை பீலித் தண்ணி. ரெண்டும் ஒரே கைதான் ஊத்துச்சு. ஏழாம் நம்பர் மலை உரம் உங்க தொட்டிக்கு வருதுங்க."

மத்தியாஸ் பச்சைப் போத்தலைத் திறந்து மோந்து பார்க்கிறார். பிறகு ஒரு வாக்கியம் சொல்கிறார்:

"                    "

அதை நீங்கள் எழுதுங்கள். ஆனால் திங்கட்கிழமையை உங்களிடம் தரமாட்டேன். அன்று காலை நாகலெட்சுமி பெரட்டில் இல்லை, தொட்டியின் முன்னால் இருக்கிறார். உத்தியோகத்தர் வீட்டில் வேலையாட்கள் நாற்காலியில் உட்காரும் வழக்கமில்லை, தெரியும். இருந்தும் அவர் காலுக்காக அங்கே ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். மத்தியாஸ் என்ன சொன்னால் அவர் அதில் உட்காருவாரோ, அதை எழுதுங்கள்.