மூன்று கை உப்பு

என் மனைவிக்கு ருசியும் வாசனையும் போய்விட்டதை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். ரோட்டுக்குத் தார் போடுவது என் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நிறுத்தி, "அங்கேயே நில்லுங்க. சட்டையைக் கழட்டிட்டு உள்ள வாங்க, வீடு பூரா ரோடு நாத்தம்" என்பாள். இருபது வருஷமாக ஒரு நாள் தவறாத பாட்டு அது. அன்றைக்கு நான் மறதியாக நேரே சமையலறை வரைக்கும் போய்த் தண்ணீர் மொண்டு குடித்தேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தாள். பக்கத்து அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துப் புகைய ஆரம்பித்திருந்தது. அதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

"ஏய், கருகுது பாரு" என்றேன்.

அவள் திரும்பிப் பருப்பைப் பார்த்தாள். அப்புறம் என்னை, என் சட்டையைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"காய்ச்சல் விட்டதுலேர்ந்து ஒண்ணுமே தெரியலங்க. மூணு வாரமாச்சு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

சொல்லக் கூடாது என்பதற்குக் காரணம் இருந்தது. அவள் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரி. பதினெட்டு வருஷம். இருநூற்று நாற்பது வாய்க்கு ஒரே கரண்டி. மூன்று வாரமும் ஸ்பூனால் அளந்து, கண்ணால் பார்த்து, ஒப்பேற்றியிருக்கிறாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? நாலு நாள் கழித்துக் கெட்டுக் காறிப்போன எண்ணெயில் மூன்று தட்டு வடை சுட்டுப் போட்டுவிட்டாள். சாப்பிட்டவர்கள் துப்பினார்கள். கேன்டீன் மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தார். மறைக்க முடியவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. "ரெண்டு வாரம் லீவு எடுத்துக்கம்மா. அடுத்த திங்கக்கிழமைக்கு அடுத்த திங்கக்கிழமை வா. நான் கிண்ணத்துல ஊத்தி வைக்கிறேன், நீ ருசி பாத்துச் சொல்லு. சரியா சொன்னா உன் கரண்டி உன்கிட்ட. இல்லேன்னா பாத்திரம் கழுவுற பக்கம் போயிடு, நான் வேற என்ன பண்ணட்டும்?" என்றாராம்.

பாத்திரம் கழுவுவது கேவலம் இல்லை. ஆனால் படைத்தலைவனைக் கொண்டுபோய் லாயம் கூட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

டாக்டரிடம் போனோம். "வரும். சிலருக்குச் சீக்கிரம், சிலருக்கு மாசக்கணக்குல. மருந்து ஒண்ணும் கிடையாது, நல்லா சாப்பிடச் சொல்லுங்க" என்றார். சாப்பிடுவதுதானே வம்பு. சோறு துணியை மெல்லுவது போல இருக்கிறது, காய் ஈர அட்டையை மெல்லுவது போல இருக்கிறது என்று இரண்டு வாயோடு எழுந்துவிடுவாள். கை வளையல் முழங்கை வரைக்கும் ஏற ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில்தான் சோளக்கதிர் வந்தது. எங்கள் தார் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஜல்லியைச் சூடாக்கும்போது, தார் படாத சுத்த ஜல்லியில் கொஞ்சம் தனியாக ஒரு தகரத்தில் குவித்து, முழுக் கதிரைத் தோலோடு அதற்குள் புதைத்துவிடுவோம். கால் மணி நேரம். மேல் தோல் கருகும். உள்ளே கதிர் தன் தண்ணீரிலேயே வெந்திருக்கும். அப்படி வெந்ததில் இரண்டைக் கோணித் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவள் ஒன்றை உரித்துக் கடித்தாள். வரிசை வரிசையாகக் கடித்து முழுசாகத் தின்றுவிட்டாள்.

"ருசி தெரியுதா?" என்றேன், ஆசையாக.

"இல்ல. ஆனா கடிச்சா உடையுது. நாக்குக்குத்தான் வேலை இல்ல, பல்லுக்காவது இருக்கட்டுமே."

எனக்கு அது போதும். மறுநாளிலிருந்து சந்தையில் கதிர் பொறுக்க ஆரம்பித்தேன். தோலை லேசாக விலக்கி நகத்தால் ஒரு மணியை அழுத்திப் பார்க்க வேண்டும். பால் தெறித்தால் இளசு. மாவாக வந்தால் முற்றல், பல்லுக்குத் தண்டனை. பழைய லாரி சக்கரத்தின் இரும்பு வளையம் ஒன்று என்னிடம் இருந்தது. அதை எங்கள் பொதுக் குழாயடிக்குப் பக்கத்தில் வைத்துக் கரி போட்டு, மேலே கம்பி வலை வைத்தேன்.

முதல் நாள் வெறும் கதிரை அப்படியே நெருப்பில் காட்டினேன். கரி சிவப்பாக இருக்கும்போதே வைத்துவிட்டேன். வெளியே கருப்பு, உள்ளே பச்சை. சாம்பல் பூத்த பிறகுதான் வைக்க வேண்டும் என்பது அப்புறம்தான் புரிந்தது. அடுத்த நாள் வெண்ணெய் தடவி நெருப்பில் வைத்தேன். வெண்ணெய் உருகிக் கரியில் சொட்டி, என் புருவம் பாதி போயிற்று. கதிரை இறக்கிய பிறகுதான் வெண்ணெய் தடவ வேண்டும். இன்னொரு நாள் பூண்டு, இன்னொரு நாள் மிளகு. ஒரு நாள் பல் விளக்கும் நேரத்தில்கூட மிளகாய்த் தூள் கையோடு நின்றேன். அவள் ஒவ்வொன்றையும் கடித்துவிட்டு, "சூடா இருக்கு", "மொறுமொறுன்னு இருக்கு", "காரம் எரியுது, ஆனா காரமா இல்ல" என்று சொல்வாள். ஒருநாள்கூட 'நல்லா இருக்கு' என்று பொய் சொல்லவில்லை. சமையல்காரி அல்லவா, அதில் பொய் வராது.

இப்படியே பதின்மூன்று நாள் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. மறுநாள் மேனேஜரின் கிண்ணங்கள்.

அன்று காலையிலேயே மச்சான் வந்துவிட்டான். என் மனைவியின் தம்பி. சரக்கு வேன் ஓட்டுகிறவன். பேர் என்னவோ நல்ல பேர்தான், ஆனால் எல்லோரும் அவனை 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவனே போனை எடுத்தால் "அவசரம் பேசுறேன்" என்பான். அரை மூட்டைக் கதிரை இறக்கினான்.

"மாமா, இன்னிக்கு அக்கா நாக்கைத் தட்டி எழுப்பிடணும். நீங்க கரி வாங்கிட்டு வாங்க, நான் கதிரைப் பாத்துக்கறேன்."

"அவசரப்படாதடா."

"பேரே அதுதானே மாமா, நான் என்ன பண்ண?"

நான் கரி வாங்கித் திரும்பியபோது, கதிர்களெல்லாம் ஒரு பெரிய வாளித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. தோலைக் காம்பு வரைக்கும் விலக்கி, மீசையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, திரும்ப மூடி வைத்திருந்தான். ஊற வைத்தால் தோல் சட்டென்று தீப்பிடிக்காது, நல்ல யோசனைதான் என்று நினைத்துக்கொண்டேன். அவன் வேனைக் கழுவப் போயிருந்தான்.

நான் கரியைப் பற்றவைத்து, அட்டையால் விசிறி, சாம்பல் பூக்கும் வரைக்கும் காத்திருந்தேன். அதற்குள் வெண்ணெயை உருக்கி, பூண்டு தட்டிப் போட்டு, உப்பையும் தாராளமாகப் போட்டுக் கலக்கினேன். எனக்கு உப்பு அளவு தெரியாது. வெயிலில் நாள் முழுக்க வேர்க்கிறவன் நாக்குக்கு எவ்வளவு போட்டாலும் கம்மியாகத்தான் இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் உப்பு ஜாடியைத் தொட்ட கை ஒன்றுதான். அந்தக் கை இப்போது மடியில் கிடந்தது. அவள் குழாயடிப் படிக்கட்டில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதிர்களைத் திருப்பித் திருப்பிச் சுட்டேன். மணிகள் பட் பட்டென்று வெடித்தன. இறக்கித் தோலை உரித்து வெண்ணெய் தடவித் தட்டில் வைத்துவிட்டு, அடுத்ததைத் திருப்பக் குனிந்தேன். அந்த நேரம் மேல்வீட்டுத் தையற்காரி அக்கா, கையில் பாதி எலுமிச்சம்பழத்தோடு இறங்கி வந்திருக்கிறார்.

"வெறும் வெண்ணெயா? இதுல என்ன இருக்கு. பழத்தை உப்பு மிளகாயில தொட்டு தேய்ச்சாத்தான் மணிக்குள்ள இறங்கும்" என்று சொல்லி, தட்டில் இருந்த கதிரை அழுத்தித் தேய்த்து, நேரே என் மனைவி கையில் கொடுத்துவிட்டார். நான் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை.

அவள் ஒரு கடி கடித்தாள். மென்றாள். நிறுத்தினாள். முகம் கோணலாகப் போயிற்று. குழாய்ப் பக்கம் திரும்பி, தூ என்று துப்பினாள்.

"என்னங்க இது! உப்பு மூட்டையில உருட்டி எடுத்தீங்களா? மனுஷன் வாயில வைக்க முடியுமா இதை?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "கொஞ்சமாத்தானே போட்டேன். வெண்ணெய்ல மட்டும்தான்."

"அய்யோ, நானும் பழத்தை உப்புல தொட்டேனே" என்றார் தையற்காரி.

வேனுக்குப் பின்னாலிருந்து அவசரம் தலையை நீட்டினான். "மாமா, வாளித் தண்ணியிலயே ரெண்டு கை உப்பு போட்டுத்தானே ஊற வச்சேன். சொல்லலையா நான்?"

"எப்படா சொன்ன?"

"சொல்லணும்னு நினைச்சேன்."

"மூணு பேர் சேர்ந்து என்னைக் கருவாடு போடப் பாத்தீங்களா?" என்றாள் அவள்.

தையற்காரிதான் முதலில் புரிந்துகொண்டார். கையிலிருந்த எலுமிச்சம்பழம் கீழே விழுந்தது. "ஏம்மா," என்றார் மெதுவாக, "உனக்கு உப்புக் கரிக்குதா?"

வலையில் ஒரு கதிர் வெடித்தது. என் மனைவி கையிலிருந்த கதிரைப் பார்த்தாள். திரும்பவும் நுனி நாக்கால் தொட்டாள். முகம் மறுபடி சுளித்தது. சுளித்த முகத்தோடேயே சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு எங்கே முடிந்தது, அழுகை எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. பதின்மூன்று நாளில் வராத கண்ணீர் எல்லாம் அன்றைக்கு வந்தது.

"இருங்க, இருங்க. ஒருவேளை பிரமையா இருக்கும்" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உப்பில்லாம ஒண்ணு குடுங்க."

அதுதான் இல்லையே! அரை மூட்டையும் அவசரத்தின் வாளிக்குள். அவன் ஓடிப்போய் மூன்று டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தான். ஒன்றில் மட்டும் உப்பு. அவளைத் திரும்பி உட்காரச் சொல்லி மாற்றி மாற்றி வைத்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வாய் குடித்தாள்.

"நடுவுல இருக்கறது."

"சரி."

"இன்னொரு தடவை. கம்மியா போடு."

கம்மியாகப் போட்டான். அதையும் சொன்னாள். அப்புறம் சர்க்கரை. அதற்குக் கொஞ்சம் யோசித்தாள், ஆனால் சொல்லிவிட்டாள். விழுந்த பழத்தைக் கழுவி நாக்கில் பிழிந்தாள். "புளிக்குது! அய்யய்யோ, நல்லா புளிக்குது" என்று யாரோ புடவை வாங்கிக் கொடுத்தது போலக் கத்தினாள். வெண்ணெய்க் கிண்ணத்தை மூக்குக்குக் கொண்டுபோனாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். தலையை ஆட்டினாள்.

"வாசனை வரல."

"பரவால்லக்கா" என்றான் அவசரம். "நாக்கு முதல் பஸ்ஸைப் பிடிச்சுட்டு வந்துடுச்சு. மூக்கு அடுத்த பஸ்ல வரும்."

"போடா. நீ வண்டி ஓட்டி எது நேரத்துக்கு வந்திருக்கு?"

ஒரு மாதமாகக் கேட்காத குரல் அது. நான் அட்டையைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். முதுகில் இருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கினாற்போல இருந்தது. இறக்கிய பிறகுதான் அத்தனை நாள் சுமந்தது தெரிந்தது.

அவள் எழுந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்கள் மூன்று பேரையும் விலகச் சொன்னாள். வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கதிர்களை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசச் சொன்னாள். புதிதாக வெண்ணெய் உருக்கி, உப்பே போடாமல், மிளகும் எலுமிச்சையும் மட்டும் சேர்த்தாள். கதிரிலேயே உப்பு இருக்கிறதாம், அது போதுமாம். ஒரு மணியைப் பிய்த்து வாயில் போட்டு, கண்ணை இடுக்கி, இன்னும் இரண்டு சொட்டுப் பழம் பிழிந்தாள். மறுபடி ஒரு மணி. "ம்" என்றாள். அந்த 'ம்'முக்காகத்தான் பதின்மூன்று நாள் கரி வாங்கினேன்.

ஆளுக்கு மூன்று கதிர் தின்றோம். தையற்காரி நாலு.

மறுநாள் அவள் எனக்கு முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டாள். எங்களுக்கு அன்று பஸ் நிலையத்துக்குப் பின்னால் வேலை. ஜல்லி அள்ளினேன், கொட்டினேன், பரப்பினேன். எதிலும் மனசு இல்லை. சாப்பாட்டு நேரத்தில் பொறுக்க முடியாமல் போன் செய்தேன்.

"வேலை நேரத்துல என்ன போன்?" என்றாள். பின்னால் பாத்திரச் சத்தம்.

"என்னாச்சு?"

"ஏழு கிண்ணம் வச்சார். ஆறு சரியா சொன்னேன். ஏழாவதுல ஒண்ணுமே போடலியாம், வெறும் வெந்நீராம். 'இதுல என்ன இருக்குன்னு கேட்டா என்ன சொல்றது, கஞ்சத்தனம் இருக்கு'ன்னேன். சிரிச்சுட்டார். மூக்கு இன்னும் வரலேன்னு உண்மையைச் சொல்லிட்டேன். எண்ணெயை மட்டும் தினம் ஒருத்தர் மோந்து பாத்துக் குடுக்கணும்னு கேட்டேன். அவரே பாக்கறேன்னுட்டார்."

"அப்போ கரண்டி?"

"கையிலதான் இருக்கு. வைங்க போனை, அடுப்புல தாளிக்கணும்."

வைத்துவிட்டேன். ரோட் ரோலரின் நிழலில் துண்டை விரித்துச் சாய்ந்தேன். சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்கவில்லை. அன்று நான் தூங்கிய தூக்கத்தில், வேலை மறுபடி தொடங்கியபோது மேஸ்திரி என்னை இரண்டு தடவை உலுக்க வேண்டியிருந்தது.