திருப்பிக் கோத்த நுனி

1983 நவம்பர் 14, திங்கட்கிழமை காலை எட்டு மணியளவில், குரங்கணியிலிருந்து ஏலக்காய் மூட்டைகளுடன் போடிநாயக்கனூருக்கு இறங்கிய ஜீப் ஒன்று வளைவில் கவிழ்ந்தது. ஓட்டி வந்த வேலுச்சாமி, வயது நாற்பத்தொன்று, வெளியே விழுந்து வண்டிக்கு அடியில் சிக்கி இறந்தார். பக்கத்து இருக்கையில் கண்ணயர்ந்திருந்த லோடுமேன் பிச்சைமணிக்கு இடுப்பைச் சுற்றிக் கன்றிய தடம் மட்டும்.

மறுநாள் மதியம் வேலுச்சாமியின் வீட்டு வாசலில் மலைச்சாமி பாடைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். இறந்தவரின் மனைவி அன்னக்கொடியின் தம்பி அவன்.

"ஒத்தச் சுத்துப் போதும்ப்பா," என்றார், மூங்கிலைப் பிடித்திருந்த தவசி. "அங்க போயி வெரசா அவுக்கணும்ல."

மலைச்சாமி காதில் விழாதவன்போல் நுனியைத் திருப்பி, இன்னொரு சுற்றுக் கொடுத்து இறுக்கினான்.

"ஏன், எந்திரிச்சு ஓடிருவான்னு பாக்குறியா?"

யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

உள்ளே அன்னக்கொடியின் குரல் கம்மிப்போயிருந்தது. "எந்தம்பி போட்டுக் குடுத்த பெல்ட்ட மாட்டுய்யா மாட்டுய்யான்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே... ஒரு நா எஞ்சொல்லக் கேட்டியா?"

"வீம்பு பிடிச்ச மனுசன்," என்றாள் பக்கத்தில் இருந்த ஒச்சம்மாள்.

ஒரே நாளில் ஊர் அப்படித்தான் முடிவு செய்திருந்தது. பிச்சைமணி பெல்ட் போட்டிருந்தான், பிழைத்தான். வேலுச்சாமி போடவில்லை. பிச்சைமணி காலையிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டிக்கொண்டிருந்தான். "மலைச்சாமி அண்ணன் கட்டுன கட்டுதேன் என்னயப் பிடிச்சு வச்சுச்சு."

மலைச்சாமி ஏழு வருடம் பெங்களூர் பக்கம் ஒரு கிளைடர் கிளப்பில் வேலை பார்த்தவன். கிளைடர் என்பது இன்ஜின் இல்லாத விமானம். ஓட்டுபவரின் இருக்கை பெல்ட்டுகள் அவன் பொறுப்பு. காற்று தூக்கிப் போடும்போது பெல்ட் நழுவினால் தலை கண்ணாடி மூடியில் மோதும். அதனால் பெல்ட்டின் நீளத்தைப் பிடித்து நிறுத்தும் வளையத்தில் கோத்த நுனியைத் திருப்பி மறுபடியும் கோக்க வேண்டும். தினமும் காலையில் ஒவ்வொரு நுனியையும் கையால் இழுத்துப் பார்த்த பிறகே விமானம் கிளம்பும். கிளப்பில் கழித்துப் போட்ட இரண்டு பெல்ட்டுகளை ஊருக்குக் கொண்டுவந்து, ஆடி மாதம் மச்சானின் ஜீப்பில் முடுக்கிக் கொடுத்தான்.

ஒரு வாரத்தில் வேலுச்சாமி வந்து நின்றார்.

"மாப்ளே, கன்னுக்குட்டியக் கட்டிப் போட்டாப்புல இருக்குய்யா. வளைவுல தலைய வெளிய நீட்டி டயரு எங்க நிக்கிதுன்னு பாக்க வேணாமா? இழுத்தா வர்ற மாதிரி பண்ணிக் குடு."

"அப்பிடி விட்டா நழுவும் மச்சான்."

"நான் என்ன ஆகாசத்துலயா ஓட்டுறேன்? இல்லேன்னா சொல்லு, அத்து எறிஞ்சிட்டுப் போறேன்."

பெல்ட்டே இல்லாமல் போவதற்கு இதாவது இருக்கட்டும் என்று மலைச்சாமி நினைத்தான். ஓட்டுபவர் பக்கத்து பெல்ட்டில் மட்டும், திருப்பிக் கோத்த நுனியை உருவி விட்டான். வேலுச்சாமி உட்கார்ந்து, வெளியே எட்டிப் பார்த்து, "இப்பச் சரி," என்றார். அவனைக் கூட்டிக்கொண்டுபோய் டீ வாங்கிக் கொடுத்தார்.

விபத்து நடந்த அன்று சாயங்காலம், மேலே இழுத்து நிறுத்தியிருந்த ஜீப்பை மலைச்சாமி போய்ப் பார்த்தான். ஓட்டுபவர் பக்கத்துப் பூட்டு, பூட்டியபடியே இருந்தது. வளையத்தில் பெல்ட் இல்லை. முழு நீளமும் உருவிக்கொண்டு வந்து நுனி மிதிபலகையில் தொங்கியது. மழையில் நனைந்திருந்த அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான். யாரிடமும் சொல்லவில்லை.

எரித்துவிட்டு வந்து, குளித்த ஈரத்தோடு அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்தான். அடுத்த வீட்டிலிருந்து வந்த காப்பி தூக்குவாளியில் இருந்தது.

"அக்கா, மச்சான் பெல்ட்டுப் போட்டுத்தான் இருந்தாரு."

அன்னக்கொடி நிமிர்ந்து பார்த்தாள்.

"பூட்டுன பூட்டு அப்பிடியே இருக்குக்கா. நாந்தேன் அன்னைக்கி..."

"வேணாம் அப்பு." அவள் அவன் முழங்கையைப் பிடித்தாள். "எம்மனசு ஆறட்டும்னு சொல்ற. தெரியுது. நீ செய்ய வேண்டியதச் செஞ்ச. அந்த மனுசன் கேக்கல." டம்ளரில் ஊற்றி அவன் பக்கம் நகர்த்தினாள். "குடி. ஆறிப்போகும்."

அவன் குடித்தான்.

பத்து நாள் கழித்து பிச்சைமணி இரண்டு ஜீப்காரர்களை அழைத்து வந்தான். அதன்பின் மற்றவர்களும் வந்தார்கள். தை முடிவதற்குள் போடியில் ஒன்பது ஜீப்புகளுக்கு மலைச்சாமி பெல்ட் மாட்டிக் கொடுத்தான். ஒன்பதிலும் நுனியைத் திருப்பிக் கோத்து, உருவ முடியாதபடி நைலான் நூலால் தைத்திருந்தான்.